பழைய பொருள் வியாபாரம்: 30,000 ரூபாயை எங்கே போடுவது?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 36. கணவர் ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். போன மாதம் பையனுடைய சின்ன சைக்கிளையும் பாப்பாவின் தள்ளுவண்டியையும் ஓஎல்எக்ஸில் போட்டேன். இரண்டே நாளில் விற்று 4,300 ரூபாய் வந்தது. அதிலிருந்து இதையே தொழிலாகச் செய்யலாமே என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. சீட்டுப் போட்டுச் சேர்த்த 30,000 ரூபாய் கையில் உள்ளது. ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் 'கஸ்டமர் ரிட்டர்ன் லாட்' என்று விற்கிறார்கள். 25,000 ரூபாய் கட்டினால் ஒரு லட்சம் பெறுமானப் பொருள்கள் பெட்டியில் வருமாம், மொபைலும் இருக்குமாம். வாங்கலாமா? ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா? திருட்டுப் பொருள் ஏதாவது வந்து மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? 'காயலான்கடை வேலை நமக்கு எதுக்கு' என்கிறார் என் வீட்டுக்காரர். நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்.
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டிக்குப் பணம் கட்டாதீர்கள். பாதிப் பணம், முன்பணம், 'புக்கிங்' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் இந்தப் பதிலை அப்புறம் படிக்கலாம், உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்கு மொத்தமாக விலைக்குப் போவது உண்மைதான். ஆனால் அது கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் நல்லதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அடுத்தவருக்குத் தள்ளுவார்கள். நாலைந்து கை தாண்டி ஒரு வாட்ஸ்அப் குரூப்புக்கு வரும் பெட்டியில் என்ன இருக்கும்? அதுவும் பெட்டி வந்தால்தான். ஒரு லட்சம் பெறுமானமுள்ள சரக்கு கையில் இருப்பவர் அதை முகம் தெரியாத உங்களுக்கு ஏன் 25,000 ரூபாய்க்குத் தர வேண்டும்? பிரித்துப் பார்க்க முடியாத பொருளை வாங்குவதை வியாபாரம் என்று என்னால் சொல்ல முடியாது. என்னிடம் கணக்கு பார்க்க வரும் சிறு வியாபாரிகளில் இப்படிப் பெட்டி வாங்கிய இருவரை எனக்குத் தெரியும். ஒருவருக்கு வந்தது ஒற்றைக்கால் செருப்புகளும் சார்ஜ் ஏறாத இயர்போன்களும். இன்னொருவருக்குப் பெட்டியே வரவில்லை.

சரி, இப்போது உங்கள் ஆசைக்கு வருவோம். அது நல்ல ஆசை. ஆனால் அந்த 4,300 ரூபாயை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதை லாபமாகப் பார்க்கிறீர்கள். சைக்கிளையும் தள்ளுவண்டியையும் கடையில் புதிதாக வாங்கியபோது கொடுத்த பணம் இப்போது மறந்துவிட்டதால், வந்தது முழுவதும் சும்மா வந்த மாதிரி இருக்கிறது. அடுத்த சைக்கிளை இன்னொருவரிடம் காசு கொடுத்துத்தான் வாங்குவீர்கள். அங்கிருந்துதான் வியாபாரம் ஆரம்பம்.

இந்தத் தொழிலில் பழகியவர்கள், "வாங்குறப்பவே லாபம் வந்துடணும்" என்பார்கள். விற்கும் விலை நம் கையில் இல்லை, ஊர் கொடுக்கும் விலைதான். வாங்கும் விலை மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதனால் கணக்கை முடிவிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். உதாரணத்துக்கு 20 இன்ச் சைக்கிள் ஒன்று உங்கள் கண்ணில் படுகிறது. அதே மாதிரி சைக்கிளுக்கு உங்கள் ஊர்ப் பக்கம் 3,500 ரூபாய் கேட்டு விளம்பரம் போட்டிருக்கிறார்கள். 3,500 என்பது கேட்கிற விலை, கிடைக்கிற விலை இல்லை. பேரம் முடிந்து 2,800க்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கொண்டுவரும் ஆட்டோவுக்கு 200, டியூப், பிரேக் ஷூ, ஓவராயில் எல்லாம் சேர்த்து 300, உங்கள் உழைப்புக்கு 700. மீதி 1,600. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. விற்பவர் 2,000க்குக் குறையமாட்டேன் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். இப்படித் திரும்பி வருவதுதான் இதில் கடினமான பாடம். ஆட்டோ செலவு வீணாகிறதே என்று நினைத்து வாங்கிவிட்டால், அந்த 200 ரூபாயைக் காப்பாற்றப் போய் 400 ரூபாயை இழப்பீர்கள்.

குறைந்த ஆபத்துள்ள தொழில் என்று இதைச் சொல்வது ஒரு நிபந்தனையோடுதான். சரக்கு வீட்டில் தேங்கக் கூடாது. 30,000 ரூபாயையும் இதில் இறக்காதீர்கள். 10,000 போதும், மீதி 20,000 வங்கியிலேயே இருக்கட்டும். ஒரே நேரத்தில் வீட்டில் ஐந்து உருப்படிக்கு மேல் வேண்டாம். 30 நாளில் விற்காததற்கு விலையைக் குறையுங்கள். 60 நாள் ஆனால் அடக்க விலைக்கே தள்ளிவிடுங்கள், கொஞ்சம் நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை. திண்ணையில் மழையில் நனையும் சைக்கிள் உங்கள் முதலைத்தான் கரைக்கிறது. மாதம் எட்டு உருப்படி, ஒன்றுக்கு 600 அல்லது 700 ரூபாய் நின்றால் ஐயாயிரம் சொச்சம் வரும். ஆரம்பத்தில் அவ்வளவுதான் எதிர்பார்க்க வேண்டும். பாப்பாவின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகும், வீட்டுச் செலவு முழுவதையும் தாங்காது. இதை நம்பி வேறு வேலையை விடவோ கடன் வாங்கவோ வேண்டாம்.

எதை வாங்குவது என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் மற்ற கேள்விகளை விட இதுதான் முக்கியம். குழந்தைச் சாமான்களை விட்டு நகராதீர்கள். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர் நீங்கள். எந்தத் தள்ளுவண்டியின் பிரேக் ஆறு மாதத்தில் தளரும், எந்த நடைவண்டியில் குழந்தை விரல் சிக்கும் என்று உங்கள் கைக்குத் தெரியும். அந்த அறிவுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. மொபைல் போனைப் பற்றி உங்களுக்கு அந்த அளவு தெரியுமா? தெரியாது என்றால் அது உங்கள் சரக்கு இல்லை.

சைக்கிள் வாங்கும்போது சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். லேசான கோட்டம் இருந்தால் கடையில் எடுத்துவிடுவார்கள். முன் போர்க் வளைந்திருந்தாலோ பிரேமில் வெல்டிங் விட்டிருந்தாலோ தொடாதீர்கள். தள்ளுவண்டியில் மடக்கும் பூட்டு, பிரேக், குழந்தையைக் கட்டும் பெல்ட் மூன்றும் சரியாக வேலை செய்ய வேண்டும். துணி அழுக்காக இருந்தால் துவைத்துக்கொள்ளலாம், உண்மையில் அழுக்குத் துணிதான் உங்களுக்கு லாபம், விற்பவர் அதற்காகவே விலையை இறக்கியிருப்பார். படிக்கும் மேசை என்றால் கால்களின் அடிப்பாகத்தைப் பாருங்கள். அமுக்கிய மரத்தூள் பலகை தண்ணீர் பட்டால் உப்பிவிடும், அதைச் சரிசெய்ய வழியில்லை. ஹெல்மெட், காரில் வைக்கும் குழந்தை இருக்கை இரண்டையும் பழையதாக வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். ஒருமுறை அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது, குழந்தையின் உயிர் அதில் இருக்கிறது. பால் பாட்டில், மெத்தை போன்றவையும் வேண்டாம்.

அரசு முத்திரை உள்ள எதையும், பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டியோ மடிக்கணினியோ, எவ்வளவு சல்லிசாக வந்தாலும் வாங்காதீர்கள். கோயில் விளக்கு, மணி, பழைய சிலை என்று யாராவது கொண்டுவந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். நூறு ஆண்டு பழமையான கலைப்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டிலிருந்தே தனிச்சட்டம் இருக்கிறது. அந்த வம்பு நமக்கு வேண்டாம்.

இன்னொரு சரக்கும் உங்களுக்கு ஒத்துவரும்: போட்டித் தேர்வுப் புத்தகங்கள். டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்கள் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான பாடப்புத்தகங்களைத் தேடி அலைவார்கள், நீட் பயிற்சி மையங்களின் புத்தகத் தொகுப்புக்கும் ஆள் உண்டு. பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகும் புத்தகங்களில் இவை கிடக்கும். எந்தப் பதிப்பு என்று முதல் பக்கத்தில் பார்த்து வாங்குங்கள், பாடத்திட்டம் மாறிய பழைய பதிப்பு காகித விலைக்குத்தான் போகும். விலையில்லாப் பாடநூல் திட்டம் என்று அச்சிட்டதைத் தவிர்த்துவிடுங்கள். ஆனால் இது இரண்டாம் கட்டம். முதலில் ஒரே வகைச் சரக்கில் கை பழகட்டும்.

சரக்கு எங்கே கிடைக்கும்? நம் ஊரில் வீடு மாறுவதற்கு ஒரு காலம் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் புதுவீடு போகமாட்டார்கள். அதனால் ஆனி மாதக் கடைசியிலும் கார்த்திகைக் கடைசியிலும் மூட்டை கட்டும் அவசரம். வங்கி, அரசு வேலைக்காரர்கள் பள்ளி விடுமுறையை ஒட்டி மாற்றலாகிப் போவார்கள். போகிக்கு முன்பு வீட்டை ஒழிப்பார்கள். இந்தக் காலங்களில் விற்பவருக்கு விலையை விட இடம் காலியாவதுதான் முக்கியம். அப்போது வாங்குங்கள். விற்பதற்குப் பள்ளி திறக்கும் ஜூன் மாதமும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் நன்றாக இருக்கும். ஆன்லைனில் தேடுவதோடு நிற்காமல், உங்கள் தெரு, பிள்ளைகளின் பள்ளி வாசல், கணவரின் மில் குடியிருப்பு இங்கெல்லாம் 'குழந்தைச் சாமான் எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்லி வையுங்கள். தெரிந்தவர் மூலம் வரும் சரக்கு விலையும் நியாயமாக இருக்கும், யாருடையது என்றும் தெரியும்.

விளம்பரம் போடும்போது பகல் வெளிச்சத்தில் ஆறு படம் எடுங்கள். கீறல், துரு, கிழிசல் இருந்தால் அதை மட்டும் கிட்டத்தில் ஒரு படம். குறையை நீங்களே காட்டிவிட்டால் வீட்டுக்கு வந்து நின்றுகொண்டு அதைச் சொல்லி 500 குறைக்க முடியாது. '20 இன்ச்' என்பதோடு '7 முதல் 10 வயது வரை' என்றும் எழுதுங்கள். பெற்றோருக்கு இன்ச் தெரியாது, பிள்ளையின் வயது தெரியும். பார்க்காமலேயே 'லாஸ்ட் பிரைஸ் என்ன' என்று கேட்டு வரும் செய்திகளுக்கு விலை இறங்காதீர்கள். நேரில் வந்தவருக்கு இறங்குங்கள்.

இதில் ஒன்றை மனதார வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வாங்க வருகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், "உங்க குழந்தை ஓட்டினதா?" என்று கேட்பார்கள். போன மாதம் ஆமாம் என்று சொன்னீர்கள், அது உண்மை. இனி சொன்னால் பொய். "வாங்கிச் சரிபண்ணி விற்கிறேன், பிரேக் மாற்றியிருக்கிறேன், ஒரு வாரத்தில் ஏதாவது என்றால் கொண்டுவாங்க" என்று சொல்லுங்கள். சில பேர் விலகிப் போவார்கள். வாங்கிப்போனவர் தன் பிள்ளை வளர்ந்ததும் அதே சைக்கிளை உங்களிடமே கொண்டுவருவார். சின்ன ஊரில் இந்தத் தொழில் இரண்டாம் வருடம் தாண்டி நிற்பது அப்படித்தான்.

பணம் வாங்கும் இடத்தில் மோசடிகள் நிறைய. 'நான் ராணுவத்தில் இருக்கிறேன், பார்க்க வர முடியாது, பணம் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள்' என்று வருவது மிகப் பழைய தந்திரம். பணம் பெறுவதற்கு ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். பின் கேட்டாலே உங்கள் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். 'தெரியாமல் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்பது இன்னொன்று. அவர் காட்டும் குறுஞ்செய்தியை நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கில் இருப்பைப் பாருங்கள்.

வியாபாரத்துக்கு என்று தனி வங்கிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய பணம் எங்கோ ஒரு சைபர் குற்றத்தில் வந்ததாக இருந்தால், அது வந்து சேர்ந்த கணக்கை முடக்கி வைக்கிறார்கள். அந்த நேரத்தில் கணவரின் சம்பளக் கணக்கு மாட்டிக்கொண்டால் மாதச் செலவுக்கு என்ன செய்வீர்கள்? தனிக் கணக்கில் ஐயாயிரத்துக்கு மேல் சேரவிடாமல் அவ்வப்போது மாற்றிவிடுங்கள். போனுக்கும் தனி சிம் நல்லது. வாங்க வருபவரைப் பகலில், வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டும் வரச்சொல்லுங்கள். இல்லாவிட்டால் தெருமுனைக் கடை வாசலில் வைத்துக் காட்டுங்கள். சரக்கு பார்க்கத் தனியாக யார் வீட்டுக்குள்ளும் போகாதீர்கள்.

திருட்டுப் பொருள் பற்றிய உங்கள் பயம் சரியான பயம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் கண்டுகொள்ளாமலோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 'எனக்குத் தெரியாது' என்று சொன்னால் மட்டும் போதாது, தெரிந்துகொள்ள முயன்றீர்கள் என்று காட்ட வேண்டும். ஒரு நோட்டுப் போட்டு, வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தேதி, விற்றவர் பெயர், போன் எண், முகவரி, பொருளின் அடையாளம், விலை எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். பழைய பில் இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் ஓட்டுநர் உரிமமோ, கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரோ போதும். பணத்தை விற்றவரின் சொந்தக் கணக்குக்கே யுபிஐயில் அனுப்புங்கள், அதுவே ஒரு சாட்சி. கையெழுத்துப் போடத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். பள்ளிப் பையன் தனியாக வந்து சைக்கிள் விற்றால் அவன் வீட்டுப் பெரியவரோடு பேசாமல் வாங்கவே கூடாது.

பின்னால் என்றைக்காவது மொபைல் பக்கம் போனால், *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்ணைப் பார்த்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள். பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கு, ஐகிளவுட் கணக்கு எல்லாம் உங்கள் கண் முன்னால் நீக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் போன் பேப்பர்வெயிட்டாகத்தான் உதவும்.

ஜிஎஸ்டி பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். மாதம் இருபதாயிரம் ரூபாய்க்கு விற்றாலும் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தொடமாட்டீர்கள். ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் விளம்பரம் போட்டு, ஆள் நேரில் வந்து பணம் கொடுத்து எடுத்துப்போனால் அது சாதாரணக் கைவிற்பனைதான். பணத்தைத் தானே வசூலித்து உங்களுக்குத் தரும் தளங்களில் விற்பதற்கு வேறு விதி. அங்கேயும் 2023 அக்டோபர் முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரி பதிவு இல்லாமல் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு விற்கலாம். ஒரே எச்சரிக்கை: பெங்களூரிலோ கொச்சியிலோ இருந்து கேட்கிறார்கள் என்று பார்சல் அனுப்பிவிடாதீர்கள். வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்றால் இந்த 40 லட்சம் வரம்பு உங்களுக்குப் பொருந்தாது. அச்சுப் புத்தகங்களுக்கு ஜிஎஸ்டியே இல்லை என்பதால் புத்தகம் மட்டும் விற்பவருக்கு இந்தக் கவலை கிடையாது.

என்றைக்காவது தொழில் பெருத்துப் பதிவு எடுக்கும் நிலை வந்தால், ஜிஎஸ்டி விதிகளில் 32(5) என்று ஒன்று இருப்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பழைய பொருளை வாங்கி அப்படியே, அல்லது தன்மை மாறாத சிறு வேலை செய்து விற்பவர் முழு விலைக்கும் வரி கட்ட வேண்டாம். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் கட்டினால் போதும், உள்ளீட்டு வரிச் சலுகை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை, எடுத்திருக்கக் கூடாது. இதைத் தெரியாமல் முழு விலைக்கும் வரி கட்டிக்கொண்டிருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். வருமான வரியைப் பொறுத்தவரை, உங்களுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் இந்த அளவு லாபத்தில் வரி வராது. உங்கள் வீட்டுச் சைக்கிளை விற்றது வியாபாரக் கணக்கிலேயே சேராது. நோட்டை மட்டும் ஒழுங்காக எழுதுங்கள்.

உங்கள் கணவர் சொன்னதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மில்லில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்ற சங்கடம் அவருக்கு இருக்கும். வாதாட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஒன்றைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். மில்லில் இயந்திரங்களோடு பழகியவர், பெயரிங் தேய்ந்திருக்கிறதா என்று உங்களை விட அவர் காது சொல்லிவிடும். அதோடு ஒன்றை அவரிடம் சொல்லுங்கள். 6,500 ரூபாய்க்குப் புது சைக்கிள் வாங்க முடியாத ஒரு வீட்டுப் பிள்ளை, நீங்கள் இரண்டு பேரும் சரிபண்ணிக் கொடுத்த வண்டியில் பள்ளிக்குப் போகும். இதைக் குறைவான வேலை என்று நான் நினைக்கவில்லை.

இப்போது ஆனி நடக்கிறது, ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வீடு மாறுகிறவர்கள் சாமான் ஒழிக்கும் நேரம் இதுதான். அந்த வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டு, 10,000 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். முதலில் மூன்றே பொருள் வாங்குங்கள். மூன்றும் விற்ற பிறகு நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆட்டோ செலவை எழுத மறந்திருப்பீர்கள், முதல் தடவை எல்லாரும் மறப்பார்கள். பார்த்துச் சொல்கிறேன்.